ஆறு சுவிட்சு ஜீப்பு

உக்காருங்க தம்பி. அங்கிட்டு வேணாம், ஜீப்புகிட்டப் போக வேணாம். இந்தா, இங்கன சேரு கெடக்கு. வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு சொம்பு மோரு குடிங்க. குடிச்சுட்டு வந்த வழியாவே போயிருங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க எலெக்ட்ரீசியன். கூப்பிட்டாங்க, வந்தீங்க. ஆனா எம் மூச்சு இருக்குற வரைக்கும் அந்த ஜீப்புல ஒரு வயர ஒருத்தன் தொட விடமாட்டேன்.

வயரு பூராத்தையும் பிடுங்கிட்டுப் புதுசா இழுக்கணும்னு சொல்லித்தான கூப்பிட்டாங்க? தெரியும். எம் மகன் சுருளிவேலு பண்ணுன வேலை. மூணு மாசமா இதே பாட்டுத்தான் பாடுறான். ஏலக்காய்க் கடையில எடை போடுற பய, எனக்கு வண்டி சொல்லிக் குடுக்குறான். "அப்பா, வித்துருங்க. இல்லேன்னா வயரிங்கயாச்சும் மாத்துங்க"ன்னு. என்னமோ ஜீப்பு எந்திரிச்சுப் போயி அவுக அம்மாவக் கடிச்சு வச்ச மாதிரி பேசுறான்.

எம் பேரு பரமன். ஊருக்குள்ள பரமன் வீடு எதுன்னு கேட்டிருந்தா ஒருத்தரும் சொல்லிருக்க மாட்டாங்க. ஜீப்புக்காரரு வீடுன்னாத்தான் தெரியும். இருபத்தாறு வருசமாச்சு இத ஏலத்துல எடுத்து. எடுக்கும்போதே கெழவிதான். தெனமும் வெள்ளன அஞ்சரைக்கு இங்க பொம்பளையாளுகள ஏத்துனேன்னா ஏழு மணிக்கு மலைக்கு மேல ஏலக்காத் தோட்டத்துல எறக்கிருவேன். சாயங்காலம் ஏத்திட்டு வந்துருவேன். பதினெட்டு வளைவு. மழையோ, மூடுபனியோ, மண்ணுச் சரிவோ, ஒரு நாளு ஒரு ஆள வழியில எறக்கி விட்டதில்ல. யாருகிட்ட வேணா கேட்டுப் பாருங்க.

எட்டிப் பாக்குறீங்க. சரி, பாருங்க, கண்ணால பாக்குறதுக்குத் தடையில்ல. என்ன சிரிக்கிறீங்க? ஆமா, வீட்டுக்குப் போடுற சுவிட்சுதான். ஆறு சுவிட்சு. அந்தக் கடைசில இருக்குறது காலிங்பெல்லு சுவிட்சு. மணி படம் போட்டிருக்கும் பாருங்க. அத அமுக்குனாத்தான் செல்பு சுத்தி வண்டி எடுக்கும். எங்க ஊருப் பொம்பளைக சொல்லுவாளுக, "அண்ணே, யாரு வீட்டுக் கதவத் தட்டுறீக, எமன் வீட்டையா?"ன்னு. சிரிச்சுக்கிட்டே ஏறுவாளுக. ஆனா ஏறுவாளுக.

எப்பிடி ஆச்சுன்னா, மொதல்ல சாவி போடுற எடம் தேஞ்சு போச்சு. திருகுனா ஒரு நேரம் புடிக்கும், ஒரு நேரம் புடிக்காது. டவுன்ல ஒரு எலெக்ட்ரீசியன்கிட்ட விட்டேன். உங்க ஆளுதான், பேரு வேணாம். ஒரு வாரம் வச்சிருந்தான். லைட்டக் கட்டி வயரு வயராத் தடவிப் பாத்தான். கடேசில "இது பழைய வண்டி அண்ணே, சாமான் கிடைக்காது"ன்னான். ஒரு வாரம் தடவிட்டுச் சொல்றான்! நான் வீட்டுக்குக் கொண்டாந்து, கெடந்த காலிங்பெல்லு சுவிட்ச எடுத்து, பேட்டரிலருந்து ஒரு வயர இழுத்து, டைரக்ட் குடுத்தேன். பத்து நிமிசம். டபார்னு எடுத்துச்சு பாருங்க! அன்னைக்குப் புரிஞ்சுபோச்சு எனக்கு. கோளாறு எங்கன்னு தேடிக்கிட்டு இருக்குறவன் தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். டைரக்ட் குடுத்தமா, வண்டி ஓடுச்சான்னு போயிக்கிட்டே இருக்கணும்.

அப்புறம் ஹெட்லைட்டு. டைரக்ட். வைப்பரு. டைரக்ட். ஹீட்டர் பிளக்கு இருக்குல்ல, குளுருல டீசல் வண்டி எடுக்கறதுக்கு முன்னால சூடு பண்ணுறது, அதுவும் டைரக்ட். நாலாவது சுவிட்சு எதுக்குன்னா, அது இருந்தாத்தான் காலிங்பெல்லுக்குக் கரண்டு போகும். ஏன்னு கேக்காதீங்க. அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, இப்ப மறந்துபோச்சு. அஞ்சாவது ஹாரனு. சாவியா? சாவி சும்மா ஒப்புக்கு. சரசுவதி பூசைக்குச் சாமி முன்னால வைக்கணும்ல, அதுக்கு.

சரி, கோளாறே தேடத் தெரியாத ஆளுன்னு நெனைச்சுராதீங்க. ஒரு தடவை பேட்டரி தெனம் காலையில செத்துக் கெடந்துச்சு. ராத்திரி நிக்கிற வண்டி கரண்டத் தின்னுருது. நீங்க என்ன பண்ணுவீங்க? அதேதான் நானும் பண்ணேன். பேட்டரிலருந்து ஒரு வயரக் கழட்டி நடுவுல ஒரு பல்பு கட்டுனேன். எல்லாம் ஆப்புல இருக்கு, பல்பு எரியுது. அப்பக் களவாணி உள்ளதான் இருக்கான்னு அர்த்தம். ஒவ்வொரு பியூசா பிடுங்குனேன். எத எடுத்தா பல்பு அணையுதோ அங்கதான் திருட்டு. எல்லாத்தையும் பிடுங்கிட்டேன் தம்பி. பல்பு அணையவேயில்ல! சிரிக்காதீங்க. நான் குடுத்த டைரக்ட்டெல்லாம் பியூசு வழியாப் போகலைன்னு அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. அவுத்துத் தேடுறதுக்கு ரெண்டு நாளாகும். ரெண்டு நாளைக்கு இருபது பொம்பளையாளுக்குச் சம்பளம் போயிரும். அதுனால சீட்டுக்கடியில ஒரு மெயினு வச்சேன். வீட்டுக்கு மெயினு இருக்குல்ல, அது மாதிரி. என் சீட்டுக்கடியில கைய விட்டுத் திருகுனா மொத்த வண்டிக்கும் கரண்டு நின்னுபோகும். திருட்டும் நின்னுபோச்சு. எப்பிடி?

தலையாட்டுறீங்க. நீங்க தலையாட்டுறது புடிக்காமயும் இருக்கலாம். பரவால்ல.

இதுல ஒரு லாபம் கேளுங்க. ஆறு வருசத்துக்கு முன்னால பங்குனியில, ஊரே திருவிழாவுல கெடக்கு, பட்டப்பகல்ல ஒருத்தன் ஜீப்பத் திருட வந்திருக்கான். சாவி அதுலயேதான் தொங்குது. ஏறி உக்காந்து திருகிருக்கான். ஒண்ணும் நடக்கல. ஆறு சுவிட்சயும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்திருக்கான். வைப்பரு கூட அசையல, ஏன்னா மெயினு ஆப்பு. நாங்க திரும்பி வந்து பாத்தா சீட்டுல அவன் துண்டு கெடக்கு. பாவம், வேர்த்திருக்கும். அந்தத் துண்டுலதான் ரொம்ப நாளு நான் கண்ணாடி தொடச்சேன். ஊருல எவன் வண்டிக்கு இம்புட்டுப் பாதுகாப்பு இருக்கு? எனக்கு மட்டுந்தான் அது கட்டுப்படும். நான் கைய வச்சா எடுக்கும். இன்னொருத்தன் வச்சா பொணம்.

இதத்தான் சுருளி புரிஞ்சுக்க மாட்டேங்கிறான். அவனுக்கு லைசென்சு இருக்கு. டவுன்ல கண்டவன் காரையெல்லாம் ஓட்டுறான். போன ஆடியில என்ன பண்ணான் தெரியுமா? நான் குளிச்சுட்டு வாரதுக்குள்ள ஆறு சுவிட்சுக்கும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, மார்க்கர்ல நம்பரு எழுதி வச்சிருந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. பக்கத்துல ஒரு அட்டையில, மொதல்ல எது, அடுத்து எதுன்னு எழுத எடம் விட்டிருந்தான். "நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதிக்கிறேன். ஒரு அவசரத்துக்கு ஆகும்ல"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். இருபத்தாறு வருசம் என் கைக்குத் தெரிஞ்சத அட்டையில எழுதி ஒட்டுவானாம்! பஸ் ஸ்டாண்டுல பேரு எழுதுற மாதிரி. அம்புட்டையும் பிச்சுக் கெணத்துக்குள்ள போட்டேன். நகத்தால சொரண்டினேன், பிசுபிசுப்புக்கூட இருக்கக் கூடாதுன்னு. பவுனுதாயி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

பவுனுதாயி எம் பொண்டாட்டி. உள்ள படுத்திருக்கா.

அவதான் தோட்டத்துல கங்காணி. ஆளு சேக்குறது, ஆள ஏத்துறது, யாரு வந்தா யாரு வரலன்னு பாக்குறது எல்லாம் அவ. முன் சீட்டுல எனக்கு எடது பக்கம் அவ உக்காருவா. இருபத்திரெண்டு வருசம் அந்த ஒரே எடம். வேற எவளும் அதுல உக்கார மாட்டா. நான் ஸ்டேரிங்கப் பாப்பேன், அவ ரோட்டப் பாப்பா. "இங்கேருங்க, அங்கிட்டு ஒரு கல்லு கெடக்கு"ம்பா. "தெரியுது"ம்பேன். தெரிஞ்சிருக்காது. இருந்தாலும் தெரியுதுன்னுதான் சொல்லுவேன்.

ஒரு மார்கழி மாசம், பதினோராவது வளைவு. முன்னால கைய நீட்டுனா கை தெரியல, அம்புட்டுப் பனி. திடீர்னு லைட்டு ரெண்டும் அவுஞ்சுபோச்சு. பிரேக்கப் போட்டேன். பின்னால இருபது பொம்பளையும் கத்துறாளுக. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல. நான் சுவிட்சத் தட்டுறேன், அடிக்கிறேன், வையிறேன். பவுனு எறங்கினா. முன்னால போயி மூடியத் தூக்கி, போன் வெளிச்சத்துல பாத்தா. பாத்துட்டு, தாலிக்கொடியில கோத்திருந்த ஊக்கக் கழட்டி, பியூசு கருகிப் போயிருந்த எடத்துல குறுக்க மாட்டிவிட்டா. லைட்டு வந்துருச்சு. நான் குடுத்த டைரக்ட்டுல ஹெட்லைட்டுக்கு மட்டும் பின்னால ஒரு பியூசு வச்சிருந்தேன், பெரிய டவுன் எலெக்ட்ரீசியன் சொன்னான்னு. அந்த ஊக்கு இன்னும் அங்கயேதான் இருக்கு, எட்டு வருசமா. நான்தான் அப்பிடிச் செய்யச் சொன்னேன். இல்ல, சொல்லல. சொல்லிருப்பேன். அவ முந்திக்கிட்டா.

தப்புத்தான், ஊக்கு பியூசுக்கு மாத்தாகாது, தீப்புடிச்சிரும், எனக்குத் தெரியாதா? புடிக்கலையே. எட்டு வருசமாப் புடிக்கல.

சரி, கேளுங்க. கேட்டுட்டு நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க. சொல்லலேன்னாலும் சரி.

மூணு மாசத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழம. எந்தங்கச்சி மகளுக்குக் கம்பத்துல நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான் இல்லாமத் தட்டு மாத்துவாங்களா? பவுனுக்கு மொத நாளே தலைவலி. "நீங்க போயிட்டு வாங்க, நான் கல்யாணத்துக்கு வாரேன்"னா. ஒரு ஆளுக்கு எதுக்கு ஜீப்புன்னு நான் பஸ்சுல போயிட்டேன். காலையில ஒம்போது மணிக்கு ஏனம் வெளக்கிக்கிட்டு இருந்தவ அப்பிடியே சரிஞ்சுட்டா. வாய் ஒரு பக்கமாக் கோணிப்போச்சு. வலது கை, வலது காலு வெளங்கல. பேச்சு வரல. சுருளி வீட்டுலதான் இருந்திருக்கான். ஆம்புலன்சுக்குப் போன் போட்டிருக்கான். அது அந்த நேரம் பார்த்து வேற ஊருக்கு ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கு, வர்றதுக்கு நேரமாகும்னு சொல்லிருக்காங்க. உடனே அம்மாவத் தூக்கி ஜீப்புல உக்கார வச்சுட்டான். எப்பவும் உக்கார்ற அதே எடத்துல.

அதுவரைக்கும் சரிதான். அதுல நான் குத்தம் சொல்லல.

எனக்குப் போன் போட்டான். ரெண்டு தடவை நான் கட் பண்ணுனேன். ஏன்னா தட்டு கையில இருக்கு தம்பி. மைக்குசெட்டு காதக் கிழிக்குது, சம்பந்தகாரங்க எதிர்ல நிக்கிறாங்க. சுருளி எப்பவும் ஒண்ணுமில்லாததுக்குக் கூப்பிடுவான். மூணாவது தடவை எடுத்தேன். "அப்பா, அம்மாவுக்கு வாதம் மாதிரி இருக்கு. ஜீப்ப எப்பிடி எடுக்குறது?"ன்னான். தட்டப் பக்கத்துல நின்னவன் கையில திணிச்சேன். வெளிய ஓடியாந்து சொன்னேன். "மூணாவதப் போட்டு இருபது எண்ணு. அப்புறம் மூணாவத ஆப் பண்ணிட்டு, நாலாவதப் போட்டுட்டு, பெல்ல அமுக்கு. எடுத்த ஒடனே நாலாவத ஆப் பண்ணிரு, இல்லேன்னா செல்பு கருகிரும்." இதவிடத் தெளிவா எவன் சொல்லுவான்? அவன் கேக்குறான், "எந்தப் பக்கத்துலருந்துப்பா மூணாவது?" "கிறுக்குப்பயலே, ஒக்காந்த பக்கத்துலருந்துடா." "போட்டுட்டேன், ஒண்ணுமே எரியலப்பா. பேட்டரி எறங்கிப்போச்சா?" "எம் பேட்டரி எறங்காது! திருப்பிப் போடு." "போட்டுட்டேன்பா, ஒண்ணுமே வரல." இப்பிடியே நான் இங்கிட்டுருந்து கத்த, அவன் அங்கிட்டுருந்து கத்த, எம்புட்டு நேரம்னு தெரியல. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்.

மெயினா? நீங்க கேக்குறதுக்கு முன்னாலயே நான் சொல்றேன். மெயினப் போடச் சொல்லல. சொல்லல தம்பி. அதையெல்லாம் ஒருத்தன் வாயால சொல்லுவானா? ஏறி ஒக்காரும்போதே எங் கை கீழ போயிரும், திருகிரும். நான் நெனச்சுத் திருகுறதில்ல. வேட்டியக் கட்டும்போது எந்தக் கைய மொதல்ல கொண்டு போறதுன்னு நீங்க சொல்லுவீங்களா? அது மாதிரி. கைக்குத் தெரிஞ்சது வாய்க்கு வராது.

ஆனா பவுனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

சுருளியே சொன்னான், ஆஸ்பத்திரியில வச்சு. "அம்மா எடது கைய என் சீட்டுக்கடியில விட்டுக்கிட்டே இருந்துச்சுப்பா. சாஞ்சு சாஞ்சு கைய விடுது. கீழ விழுகப் போகுதுன்னு புடிச்சு நிமித்துனேன். திருப்பியும் விடுது. அப்புறம் துண்ட எடுத்து சீட்டோட சேத்துக் கட்டிட்டேன்"னான். கேட்டீங்களா? பாதி ஒடம்பு செத்துப்போச்சு, நாக்கு எழல, அந்த நெலமையிலயும் அவ மெயினக் காட்டுறா! இருபத்திரெண்டு வருசம் பக்கத்துல ஒக்காந்து பாத்தவ தம்பி. எல்லாந் தெரியும் அவளுக்கு. நான் ஒரு நாளும் சொல்லிக் குடுத்ததில்ல, அவளாப் பாத்துக்கிட்டா. இவன் என்ன பண்ணான்? அந்தக் கையப் புடிச்சுக் கட்டிப்போட்டான்.

இப்பச் சொல்லுங்க. தப்பு ஜீப்பு மேலயா, அவன் மேலயா?

அவன்கிட்ட இதக் கேட்டா தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போயிருவான். ஒரு நாளு மாட்டுக் கொட்டாயில நின்னு அழுதுக்கிட்டு இருந்தான். அழட்டும்னு விட்டுட்டேன்.

தள்ளி எடுத்திருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். டீசல் வண்டி தள்ளுனாலே எடுக்குமேன்னு. எடுக்கும். ஆனா எங்க வாசலப் பாருங்க. ரோட்டுக்கு ஏத்தம். பின்னால வாய்க்கா. ஞாயித்துக்கெழம, ஆம்பளைக பூராம் சந்தைக்குப் போயாச்சு. ரெண்டு பொம்பளையும் அவனுமாத் தள்ளிப் பாத்திருக்காங்க, நகரல. கடேசில பால் வண்டிக்காரன் வந்து, கேனையெல்லாம் எறக்கி வச்சுட்டு, அதுல படுக்க வச்சுக் கொண்டு போயிருக்காங்க. ஒன்றரை மணி நேரம் இங்கயே போயிருச்சு, பக்கத்து ஆஸ்பத்திரிலருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிச் சேர மத்தியானம் ஆயிருச்சு. "கொஞ்சம் முன்னால வந்திருந்தா ஊசி போட்டுக் கையக் காலத் திருப்பிருக்கலாம்"னாரு டாக்டரு. டாக்டருக அப்பிடித்தான் சொல்லுவாங்க. பொழச்சதுக்குத் தான் காரணம்பாங்க, பொழைக்கலேன்னா நேரம் காரணம்பாங்க.

ஊருக்குள்ளயும் பேச்சு இருக்கு. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. ஆனா பொம்பளையாளுக இப்ப வேற வேனுல போறாளுக. "அண்ணே, அக்காவ நீங்க பாத்துக்கணும்ல, அதுக்காகத்தான்"னு சொல்றாளுக. நான் கேக்கலையே. மூணு மாசமா ஜீப்பு நின்ன எடத்துலயே நிக்கிது. நிக்கட்டும். தெனம் காலையில அஞ்சரைக்குப் போயி ஒக்காந்து எடுப்பேன். மூணாவது, இருபது எண்ணுறது, நாலாவது, பெல்லு. ஒரே தட்டுல எடுக்கும். கால்மணி நேரம் ஓடவிட்டு ஆப் பண்ணிட்டு வந்துருவேன். அக்கம்பக்கம் பூராம் கேக்கட்டும். ஜீப்புல கோளாறு இல்லேன்னு கேக்கட்டும்.

பவுன நான் நல்லாத்தான் பாத்துக்கிறேன். அதுல ஒருத்தன் ஒரு கொறை சொல்ல முடியாது. குளிப்பாட்டுறது நான்தான். தலை சீவி, சடை பின்னி விடுறேன். மொதல்ல கோணலா வந்துச்சு, இப்ப நல்லா வருது. கஞ்சி குடுக்குறேன், கை காலுக்கு எண்ணெய் தேச்சு நீவி விடுறேன். காலு இப்பக் கொஞ்சம் ஊனுறா. பேச்சுத்தான் வரல. மூணு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. "ம்"முனு கூட இல்ல. நாக்குச் செத்துப்போச்சு, பழக்கப் பழக்கத்தான் வரும்னு டாக்டரு சொல்லிருக்காரு. நானும் தெனம் பக்கத்துல ஒக்காந்து பழக்குறேன். "சொல்லு பவுனு, த-ண்-ணி. சொல்லு, ப-ர-மன்." சுவத்தப் பாத்துக்கிட்டு இருப்பா. வராததுக்கு அவ என்ன பண்ணுவா?

அதான் சொல்றேன். போயி எம் மகன்கிட்டச் சொல்லிருங்க, உங்கப்பன் ஒத்துக்கலைன்னு. வந்த செலவ அவன்கிட்டயே வாங்கிக்கங்க.

என்ன?

சுருளி கூப்பிடலையா? பெறகு யாரு கூப்பிட்டா?

பொம்பளைக் குரலா. எங்க வீட்டுல போன் பேசுற பொம்பள கெடையாதே தம்பி. எந்தங்கச்சியா இருக்கும். இல்ல, அவளுக்கு உங்க நம்பரு எப்பிடித் தெரியும்? யாரு, என்ன மாதிரிக் குரலு?

நிறுத்தி நிறுத்திப் பேசுச்சா.

வாய் கொழறுச்சா. பேரு சொல்லுச்சா? பவுனுன்னு சொன்னாளா? அவ வாயால சொன்னாளா?

எப்ப? நேத்துப் பதினோரு மணிக்கா? அப்ப நான் ரேசன் கடைக்குப் போயிருந்தேன். சுருளி வேலைக்குப் போயிட்டான். அவன் பழைய போனு அவ தலமாட்டுலதான் கெடக்கும், அவன் விசாரிச்சு வச்ச உங்க நம்பரு அதுல இருந்திருக்கும். அப்ப அவதான்.

மூணு தடவை லைனு கட்டாச்சா? கட்டாகிருக்காது தம்பி. வார்த்த வந்திருக்காது அவளுக்கு. வச்சுட்டு, மூச்சு வாங்கிட்டு, திருப்பிக் கூப்பிட்டிருக்கா. எங்க ஊரு பேரு சொல்லிருக்கா, வழி சொல்லிருக்கா. உங்ககிட்ட. யாருன்னே தெரியாத உங்ககிட்ட. அப்ப நாக்குச் சாகல. எங்கிட்ட மட்டுந்தான் வரல.

என்ன சொன்னா? இருங்க, இருங்க. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. நீங்களாக் கூட்டிச் சொல்லாதீங்க.

"சீட்டுக்கடியில இருக்குறத மொதல்ல எடுத்துருங்க." சரி. "ஒரு சாவி போட்டா எடுக்கணும். யாரு போட்டாலும் எடுக்கணும்." சரி. அம்புட்டுத்தானா? என்னையப் பத்தி எதுவும்... சொல்லுங்க தம்பி, பரவால்ல. உங்க மொகத்தப் பாத்தாத் தெரியுது.

"அவருகிட்டக் கேக்காதீங்க."

ம்.

மோரு இன்னும் கொஞ்சம் ஊத்தவா? வேணாமா. சரி.

இல்ல தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி எல்லாம் ஒண்ணும் இல்ல, அழுகுறேன், அம்புட்டுத்தான். அழுதா என்ன? நான் நெனச்சேன், அவ சுவத்தப் பாக்குறது வியாதின்னு. நெதமும் காலையில அஞ்சரைக்கு அந்தப் பெல்ல அமுக்குறேனே, ஊருக்குக் கேக்கட்டும்னு. ஊரா கேட்டுச்சு? சன்னலுக்குப் பக்கத்துல அவ கட்டிலு. கையக் கட்டுனவன் சுருளிதான்னு நான் அவனச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவனுக்குத் தெரியாதுய்யா. தெரியவிடாமப் பண்ணுனவன் நான்ல.

சரி, எந்திரிங்க. இல்ல, நீங்க ஒண்ணையும் தொடக் கூடாது, அதுல மாத்தமில்ல. ஒவ்வொண்ணும் நான் போட்ட வயரு, நான்தான் பிடுங்குவேன். ஒரு கட்டிங்பிளேயரு மட்டும் குடுங்க. மெயின மொதல்ல எடுக்குறேன். என் வண்டிய நானே அவுப்பேன். அப்புறம் நீங்க புதுசு இழுங்க. அதுவும் நீங்களா இழுக்கக் கூடாது, எந்தச் சுவிட்சு எங்க இருக்கணும், கைக்கு எட்டுமா எட்டாதான்னு சொல்ல ஆளு இருக்கு. அவ எடது கைக்கு எட்டணும்ல. எல்லாம் எடது கைக்கு எட்டுற மாதிரி வேணும்.

ஏ பவுனு! ஜீப்புக்கு ஆளு வந்திருக்காப்ல. நீ கூப்பிட்ட ஆளுதான். எங்கிட்டச் சொல்லாட்டிப் போ, அவருகிட்டச் சொல்லு. என்னென்ன எங்க வேணும்னு சொல்லு, நான் தள்ளி நின்னு கேட்டுக்கிறேன்.

கட்டிலு சத்தம் கேக்குதுல்ல? எந்திரிக்கிறா. நான் போயிப் புடிக்க மாட்டேன், அவளா வரட்டும். நீங்க மட்டும் அவசரப்பட்டுக் கெளம்பிறாதீங்க தம்பி. அவளுக்கு வார்த்த வர நேரமாகும்.